சுழல் பெட்டிக்கு அந்தப் பக்கம்

“ஏங்க, பேராலயத்தைப் பாதியில விட்டுட்டு இந்தச் சந்துக்கு இழுத்துட்டு வர்றீங்களே, இனிப்புக்குக் கமிஷன் ஏதாவது உண்டா?”

பில்பாவோவிலிருந்து வந்த கூட்டத்தில் இன்யாகிக்குத்தான் வாய் நீளம். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“பேராலயம் எங்கயும் ஓடிடாது. இங்க ஒரு மணிக்கு மூடிடுவாங்க,” என்றாள் வழிகாட்டி எவுலாலியா. ஸ்பெயினின் தொலேதோ நகரைப் பார்க்க யார் வந்தாலும் இந்தக் கன்னியர் மடத்துக்கு அழைத்து வராமல் அவள் விடுவதில்லை.

இருண்ட முன்கூடம். சுவருக்குள் ஒரு மரச் சுழல் பெட்டி. காசை வைத்துச் சுற்றினால் உள்ளேயிருந்து இனிப்பு வரும். மடத்தை விட்டு வெளியே வராத கன்னியாஸ்திரிகள்தான் விற்பவர்கள்; முகம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

“இந்தக் காலத்துலயும் யாருங்க உள்ள போய் அடைஞ்சுக்கறது?” என்றார் இன்யாகி.

“அப்பல்லாம் பெத்தவங்க பிடிச்சுத் தள்ளினாங்க. இப்ப பெத்தவங்க தொல்லை தாங்காம இவங்களே ஓடி வந்துடறாங்க.”

எவுலாலியா தினமும் சொல்வதுதான். இன்றும் கூடம் அதிரச் சிரித்தார்கள். அவள் மணிக்கயிற்றை இழுத்தாள்.

“மாசற்ற மரியே வாழ்க!” என்று மடத்து வழக்கப்படி வணக்கம் சொன்னாள்.

“ஜென்ம பாவமில்லாமல் உற்பவித்தவரே!” என்று உள்ளேயிருந்து மறுமொழி வந்தது. “என்ன வேணும்?”

எவுலாலியாவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. இது வேறு குரல்.

“உங்களுக்கும் ஒரு பெட்டி வாங்குங்க,” என்றார் இன்யாகி.

“தினமும் வாங்குறேன். எனக்குச் சர்க்கரை, தொட முடியாது.”

“அப்புறம் எதுக்குங்க?”

அவள் பெட்டியருகே குனிந்தாள்.

“சிஸ்டர், நேத்து வரைக்கும் இங்க வேற ஒருத்தர் இருந்தாங்களே... கொஞ்சம் கம்மின குரல். உடம்புக்கு ஏதாவது?”

“நல்லா இருக்காங்க. மடத்துத் தலைவி மதர்கிட்ட கேட்டுச் சமையல் வேலைக்கு மாறிட்டாங்க.” புதுக் குரலுக்கு வயது குறைவு. மறைக்கத் தெரியவில்லை. “பாவம் அவங்க. சந்திக்க மாட்டேன்னு சொல்லியும், அவங்கம்மா யாரோ மாதிரி தினமும் இங்க வந்து இனிப்பு வாங்குறாங்களாம்.”

எவுலாலியா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அதைக்கூடப் பொறுத்துக்கிட்டாங்க. ஆனா அந்தம்மா வெளிய நின்னு, ‘பெத்தவங்க தொல்லை தாங்காம ஓடி வந்தவங்க’ன்னு தினமும் கூட்டத்தைச் சிரிக்க வைக்கறாங்களாம்... சரி, உங்களுக்கு எத்தனை பெட்டி?”