பெயர் சொல்லாத விதை

2009 மே. போர் முடிந்துவிட்டதென்று வானொலி சொல்கிறது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் எங்கள் கண்ணாடிக் குடிலுக்குள் காலை வெளிச்சம் இலைநரம்புகளில் நிற்கிறது. வன்னியிலிருந்து என் தம்பி பெயர் சொல்லாமல் அனுப்பிய விதைகளில் ஒன்றுதான் முளைத்தது. அதன் முதல் பெண்பூ மாலைக்குள் வாடிவிடும். கொடியில் இன்னும் ஆண்பூ இல்லை. பக்கத்தில் கெக்கரிக்காய் என்கிற டெனிஷ் வெள்ளரியும் முலாம்பழமும் பூத்திருக்கின்றன. சொந்த இனத்தின் மகரந்தம்தான் ஒட்டும்; இது எந்த இனமோ. "கெக்கரிதானப்பா," என்கிறார் கணவர் தேவகுமார், கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல். "தம்பி எடுக்கட்டும், கேட்பம்." மறுமுனையில் மணி அடிக்கவேயில்லை. பூவின் கீழுள்ள பிஞ்சை உதட்டால் தொடுகிறேன். கெக்கரியென்றால் முள் உறுத்தும். இது பூனைக்காதுபோல் மெத்தென்று இருக்கிறது. "முலாம்பழ இனம்," என்கிறேன். "அவன்ர விதை கலந்துபோகுமே?" என்கிறார் அவர். "அவன்ர பாதியாவது மிஞ்சும்." முலாம்பழ ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, மஞ்சள் தூளைப் பெண்பூவுக்குள் அழுத்துகிறேன்.