மரத்தின்மேல் ஆரஞ்சுப் புள்ளி

முதிர்ந்த வெள்ளைவால் கிடாமான் பகலில் எங்கே படுக்கும் என்பதை மார்னி செல்போனில் வான்படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். விஸ்கான்சின் அரசுக்காட்டில், நாணல் சதுப்புக்கு நடுவே ஒரு மேடு. அதில் ஒற்றை ஓக் மரம். ஆனால் படத்தில் அந்த மரத்தின்மேல் ஓர் ஆரஞ்சுப் புள்ளி இருந்தது. வேட்டைக்காரர்கள் போடும் சட்டையின் நிறம்.

"வருசா வருசம் எல்லாப் படத்துலயும் இருக்கான். முதல்ல வந்தவனுக்கு விட்டுக்குடுக்கிறதுதான் முறை," என்றான் அண்ணன் டுவெய்ன்.

"ஒரு வருசமாவது அவன் வண்டியப் பாத்திருக்கியா? நான் போறேன், போ!"

விடியலில் மரம் காலியாக இருந்தது. துப்பாக்கியோடு ஏறி உட்கார்ந்தாள். நண்பகலில் அதே படத்தைத் திறந்தாள். புள்ளி மரத்தடிக்கு இறங்கியிருந்தது.

அவள் கீழே பார்க்கவில்லை.

"இது பொதுக்காடு. இன்னைக்கு நான்தான் முதல்ல வந்தேன். நீங்க வேற இடம் பாருங்க," என்றாள் சத்தமாக.

பிறகு மரத்தடியிலிருந்து, யாரோ நடந்து போவதுபோல, நாணல் ஒரு கோடாக விலகிக்கொண்டே போனது; ஆள் மட்டும் தெரியவில்லை. கோடு போய் முட்டிய இடத்தில் பெரிய கிடாமான் ஒன்று துள்ளி எழுந்தது. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தபடி, நேராக அவளுடைய துப்பாக்கியை நோக்கி ஓடி வந்தது.