கையுறை வாத்தியார்

"எந்நேரமும் போனு. சீரியல் பார்த்தே நீ வீணாப் போகப்போற. என் வாத்தியாரைப் பாரு, நாலு விஷயம் தெரியும்" என்று மனைவியை அதட்டினான் மோட்டார் மெக்கானிக். அவள் போனோடு அடுக்களைக்குள் போனாள்.

பழுதுபார்க்க வீட்டுக்கு வந்திருந்த மில் மோட்டார் சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் மில் வேலையே கைநழுவிவிடும். மோட்டாருக்குள் செம்புக்கம்பியைக் காயிலாகச் சுற்ற அவனுக்குக் கற்றுக்கொடுத்தது இணையத்தில் வரும் ஒரு பேசாத வாத்தியார். திரையில் கையுறை போட்ட கைகளும் எழுத்தும்தான் தெரியும்.

சுற்றி முடித்த மோட்டாரைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினான். "வாத்தியாரே, உறுமுது, சுத்த மாட்டேங்குது."

"ரெண்டாவது காயிலைத் தலைகீழா சேர்த்திருக்கீங்க. மாத்துங்க" என்று பதில் வந்தது.

மாற்றினான். மோட்டார் பம்பரமாய்ச் சுழன்றது.

"கும்பிடறேன் வாத்தியாரே" என்று தட்டினான். அடுக்களையில் போன் சிணுங்கியது. பதில் வந்தது:

"சீரியல் முடிஞ்சுது. எல்லாம் எங்கப்பா மோட்டார் பட்டறையில கத்துக்கிட்டதுதான். சாப்பாடு ஆறுது, வாங்க."