ஸ்கேலைக் காணோம்

"ஸ்கேலை எங்கே ஒளிச்சு வச்சே? சொல்லிடு, நல்ல பிள்ளையில்ல?"

தையல்காரர் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

துணியில் கோடு போடும் மர ஸ்கேல் அது. மறதி நோய் வந்ததிலிருந்து அவளுக்கு இதே வேலை. பீரோவுக்குப் பின்னால் இருக்கும், மெத்தைக்கு அடியில் இருக்கும். ஒருமுறை குப்பை வண்டிக்காரரிடமே கொடுத்தனுப்பிவிட்டாள். தையல்காரர் ஒற்றைச் செருப்போடு தெருக்கோடி வரை ஓடித்தான் மீட்டுக்கொண்டு வந்தார்.

"கத்தரிக்கோலைத் தொடமாட்டா, ஊசியைத் தொடமாட்டா. அந்த ஸ்கேல் மேல மட்டும் அப்படி என்ன கண்ணோ!" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பார்.

இன்று சிரிக்க நேரமில்லை. மாதா கோவிலில் இன்றைய ஞாயிறு பூசையில், திருமணமாகி நாற்பது ஆண்டுகள் ஆன தம்பதிகள் பீடத்தின் முன் நின்று வாக்குறுதியைப் புதுப்பிக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. பங்குச் சாமியார்தான் தயங்கினார்.

"அவங்க வாயால சம்மதம்னு சொல்லணும், பெரியவரே. உங்க காதுக்குள்ள சொன்னாக்கூடப் போதும். ஒண்ணும் புரியாதவங்களைக் கொண்டுவந்து நிறுத்தினா அது அவங்களுக்கு மரியாதையா?"

"சொல்லிடுவா ஃபாதர். அவளுக்கு மறந்துபோனது என் முகம் மட்டும்தான். நாள் முழுக்க என்னைத்தான் தேடிக்கிட்டிருக்கா."

அது உண்மைதான். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். தலைவாரி, ஊட்டிவிட்டு, முகம் துடைத்துவிடும் இந்தக் கிழவர் அவளுக்கு யாரோ ஒரு வேலைக்காரர்.

இப்போதும் கேட்டாள். "அண்ணே, அவரு வந்துட்டாரா?"

"யாரும்மா?"

"என் வீட்டுக்காரரு."

"வந்துடுவாரு."

"எப்போ?"

அந்த 'எப்போ'வைக் கேட்கும்போதெல்லாம் அவர் நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருக்கும். மகளிடம் போனில்கூடச் சொன்னார். "பெத்த உன்னையே மறந்துட்டா உங்கம்மா. என்னை மறக்கல பாத்தியா!"

"ஆமாப்பா. மறந்திருக்க மாட்டாங்க" என்றாள் மகள். விழாவுக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஸ்கேல் கிடைக்கவில்லை. போகட்டும் என்று எழுந்து, தானே தைத்த வெளிர்நீல உடையை எடுத்து வந்தார். அவளுடைய இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. இளம் வயதில் படிக்கட்டில் விழுந்தது. தலைவழியாக மாட்டச் சிரமப்படுவாள் என்று முன்பக்கம் முழுவதும் பட்டன் வைத்திருந்தார்.

"ரொம்ப அழகா இருக்கு. யாரு தச்சது அண்ணே?"

"உன் வீட்டுக்காரர்தான்."

பட்டனைத் தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது. "ஸ்கேல் வச்சா?"

"ஸ்கேலைத்தான் நீ ஒளிச்சு வச்சுட்டியே! எல்லாம் கண்ணளவுதான். உன் அளவு அவருக்குத் தெரியாதா?"

"ஸ்கேல் இல்லாமலே தச்சுட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாடிவிடுமோ என்று பயந்தவர் போல, அவர் அவசர அவசரமாக அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோவில் நிரம்பியிருந்தது. பீடத்தின் முன்னே வரிசையாக ஜோடிகள். யாரோ ஒரு கணவர் மனைவியின் காலை மிதித்துவிட, "இத்தனை வருஷம் மிதிச்சது போதாதாக்கும்!" என்று அந்த அம்மாள் முணுமுணுக்க, வரிசையே குலுங்கியது. தையல்காரரும் சிரித்தார். அவர் மனைவி மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை அவர் கைக்குள் இருந்தது.

சாமியார் அவர்களிடம் வந்தார். தையல்காரர் தன் பங்கை மனப்பாடமாக, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னார். "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும், உன்னை நேசிக்கவும் மதிக்கவும்..." குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாமியார் அவள் பக்கம் குனிந்தார். "உங்களுக்குச் சம்மதமாம்மா?"

அவள் சாமியாரைப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள். பிறகு தையல்காரரின் கையைப் பற்றி இழுத்து அவர் காதோடு வாய் வைத்தாள். கோவில் மூச்சுவிடாமல் காத்திருந்தது.

"அண்ணே, நீங்க நல்லவரு. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஸ்கேலைத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால சொருகி வச்சிருக்கேன். அவரு வந்தா எடுத்துக் கொடுத்துடாதீங்க. நான் இங்கே இருக்கேன்னும் சொல்லாதீங்க. அந்தக் கையை உடைச்ச மாதிரி இந்தக் கையையும் உடைச்சிடுவாரு."

"என்ன சொல்றாங்க?" என்று ஆவலோடு கேட்டார் சாமியார்.

தையல்காரர் நிமிர்ந்தார்.

"சம்மதம்னு சொல்றா, ஃபாதர்."