சுசித்ரா வீட்டுத் தமிழ்ப் பார்ட்டி

"இந்த மாசம் என் வீட்டுல பார்ட்டி. தீம் என்ன தெரியுமா? தமிழ்! வாசப்படி தாண்டினா கன்னடம் கூடாது, இங்கிலீஷ் கூடாது. ஒரு வார்த்தை தப்பி வந்தாலும் ஒரு ஸ்பூன் நிலவேம்புக் கஷாயம்!"

வாட்ஸப்பில் சுசித்ராவின் குரலைக் கேட்டு நிர்மலா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் சொர்ணலதாவுக்கு ஃபோன் போட்டாள்.

"ஏனே சொர்ணலதா, கேட்டியா கூத்தை? மழை வரும்போல இருக்குன்னு சொல்லத் தெரியாம 'மழை பர்த்தா இருக்கு'ன்னு சொல்றவ, தமிழ்ப் பார்ட்டி வைக்கிறாளாம்!"

"ஹௌதா, நிஜமாவா? போன தடவை ஹவாய் தீம்னு நம்ம கழுத்துல பிளாஸ்டிக் மாலை போட்டுவிட்டா. அதுக்கு முன்னாடி பைஜாமா. ஐடியா தீர்ந்துபோச்சு போல."

எல்லாருமே மைசூரில் ஊறிப்போன தமிழ்க் குடும்பங்கள். கூடினால் பேசுவது பாதிக்கு மேல் கன்னடம், மிச்சம் இங்கிலீஷ். ஆனாலும் நிர்மலாவுக்குத் தன் தமிழைப் பற்றி ஒரு பெருமை உண்டு. பிறந்த வீடு தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொள்ளேகால். அங்கே பேசுவதுதான் தமிழ் என்பது அவள் கட்சி.

"சரி, அந்த மகாராணியும் வருவாளா?" என்றாள் சொர்ணலதா.

மகாராணி என்றால் உமாதேவி. ஈரோட்டுப் பக்கத்துப் பெண். புருஷனுக்கு நஞ்சன்கூட்டில் ஏதோ ஃபேக்டரியில் வேலை, சுசித்ரா வீட்டு மாடியில் குடித்தனம். சுசித்ராதான் கையைப் பிடித்து இழுத்துவந்து கோஷ்டியில் சேர்த்தாள். வந்து வருஷம் ஆகப்போகிறது, அம்மணி வாயைத் திறந்ததில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது மெல்லிசாக ஒரு புன்னகை. அப்புறம் ஃபோனைத் தடவிக்கொண்டு ஒரு மூலை.

"திமிர்டி. நம்மகூடப் பேசினா முத்து உதிர்ந்துடும் அவளுக்கு," என்றாள் நிர்மலா. "இந்தப் பார்ட்டியோட அவளுக்கு ஒரு கும்பிடு. குரூப்லேர்ந்து தூக்கிடச் சொல்லி நானே சுசித்ராகிட்ட சொல்லிடறேன்."

"அவ ஒத்துக்கணுமே?"

"ஒத்துக்கலைன்னா நாம வரலை. யார் வேணும்னு அவளே முடிவு பண்ணட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டுப்புடவையும் மல்லிகையுமாகப் போய் இறங்கினாள் நிர்மலா. வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்தவள், "சாரிடி, டிராஃபிக்!" என்றாள்.

ஓவென்று கத்தினார்கள். வாயைத் திறக்கச் சொல்லிக் கஷாயத்தை ஊற்றினாள் சுசித்ரா. குமட்டிக்கொண்டு வந்தது. அடுத்த ஸ்பூன் கிட்டே வந்ததும் நிர்மலா, "சாக்கு! சாக்கு!" என்று அலறினாள். போதும் என்கிற தமிழ் வார்த்தை அந்த அவசரத்துக்கு வந்து தொலைக்கவில்லை.

கன்னடம்! இன்னொரு ஸ்பூன்.

"இதென்னடி ரூல்ஸ்..." என்று ஆரம்பித்தாள். அதற்கும் ஒன்று.

கொள்ளேகால் தமிழ் அத்தோடு அடங்கிப்போய் ஒரு மூலை சோபாவில் உட்கார்ந்துவிட்டது. ஏதாவது சொல்ல நினைத்தால் முதலில் கன்னடம் வந்தது, பின்னாலேயே இங்கிலீஷ் வந்தது. தமிழ் வந்து சேர்வதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருந்தது. எல்லாரும் சிரித்தால் இவளும் சிரித்து வைத்தாள். பொழுது போகாமல் ஃபோனை எடுத்து நோண்டினாள்.

சுசித்ராவோ வாய்க்கு வாய் தப்பு. பாட்டிலில் பாதி அவள் வயிற்றுக்குள்தான் போயிருந்தது. பார்ட்டி வைத்தவளுக்கே இந்தக் கதி, நன்றாக வேண்டும் என்று நிர்மலா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஆனால் நடு ஹாலில் உட்கார்ந்து வெளுத்து வாங்கியது யார் என்கிறீர்கள்? உமாதேவி!

"எங்க வீட்டுக்காரரு தேவராஜா சந்தைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனாருங்க்கா. அதுக்கு இந்த ஊருல என்ன பேருன்னு தெரியலைங்க. கையை இத்தனை நீளத்துக்கு விரிச்சுக் காட்டியிருக்காரு. கடைக்காரரு ஒரு புடலங்காயைத் தூக்கித் தோள்ல சாத்தி அனுப்பிட்டாருங்க!"

சொர்ணலதா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா, "அப்புறம்? அப்புறம்?" என்று அவள் தொடையைத் தட்டித் தட்டிக் கேட்டாள். துரோகி!

நிர்மலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேச்சை உள்ளே வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் நம்மை அலட்சியம் பண்ணினாள்? இப்போதே சொல்லிவிட வேண்டியதுதான். சமையலறைக்குள் போன சுசித்ராவைத் தொடர்ந்து விருட்டென்று எழுந்தாள்.

அதற்குள் உமாதேவி கையில் வெல்லக்கட்டியோடு குறுக்கே வந்தாள்.

"உக்காருங்க்கா. இதை வாயில போட்டுக்குங்க, கசப்புப் போயிரும்."

நிர்மலா வாங்கிக்கொண்டாள். தேங்க்ஸ் என்று வந்ததைப் பயத்தில் அப்படியே விழுங்கினாள்.

"சுசித்ராக்கா மேல கோவிச்சுக்காதீங்க்கா," என்றாள் உமாதேவி மெதுவாக. "எனக்காகத்தான் அவங்க இத்தனை கஷாயத்தையும் குடிக்கறாங்க. நீங்கெல்லாம் பேசறது ஒண்ணுமே புரியலை, இனிமேல் வரலைங்க்கா, ஊருக்கே போயிடறேன்னு போன வாரம் அவங்ககிட்ட அழுதுட்டேனுங்க."

"இல்ல... நாங்க..." அதற்கு மேல் நிர்மலாவுக்கு எந்த பாஷையும் வரவில்லை.

உமாதேவி அவள் கையைப் பிடித்து நடு ஹாலுக்கு இழுத்தாள்.

"வாங்க்கா, என் பக்கத்துல வந்து உக்காருங்க. வார்த்தை வரலைன்னா நான் காதுல சொல்லித் தர்றேன். எனக்குத்தான் அப்படிச் சொல்லித்தர யாரும் இல்லாமப் போயிட்டாங்க."