கல்லுக்கு ஒரு மேடை

பழைய துறைமுகத் தெருவை வெள்ளத்திலிருந்து காக்க வந்த குழு, "பாதுகாக்கப்பட்ட தெரு" என்று பொறித்த கல்லை வடிகாலின் வாயை அடைத்து நட்டது. அந்த வருட மழையிலேயே தெரு மூழ்கியது, கல்லும் மூழ்கியது. பதறிப்போன குழு மேதாவிகள் கல்லுக்கு மட்டும் ஆளுயர மேடை கட்டினார்கள். அடுத்த மழையில் வீட்டுக்கூரை சரிந்ததும், அந்தத் தெருவில் குடியிருந்த பிலோமினா கைக்குழந்தையோடு அந்த மேடையில் ஏறிக்கொண்டாள். கல்லுக்குப் போர்த்தத் தார்ப்பாயோடு படகில் வந்த மேதாவிகள், இறங்காமலே அந்தக் கல்லிலேயே படகைக் கட்டினார்கள்.

"கீழ எறங்கும்மா, கல்லு தேஞ்சிரும்," என்றார் தலைவர்.

"எங்க சார் எறங்க?"

"அது வேற டிபார்ட்மெண்ட்மா."

தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. பிலோமினா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, படகுக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.