டிஸ்ட்ரிக்ட் பிளேயர்

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்கவில்லை. மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

அந்தப் பக்கம் கந்தவேல் சாரின் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஷட்டில் போட்டியை நடத்துகிறவர் அவர்தான்.

செமி பைனலில் இவளிடம் தோற்ற பச்சைச் சட்டைக்காரி கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பெண். ஏற்கெனவே வாய் நீளம். தோற்ற ஆத்திரத்தில் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது.

"இவங்க பிகினர்ஸே இல்லீங்க சார். அந்த பேக்ஹேண்டப் பாத்தீங்கல்ல? இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்குப் போகுது. டிஸ்ட்ரிக்ட் ஆடுனவங்களக் கொண்டாந்து பிகினர்ஸ்ல எறக்குனா என்னங்க அர்த்தம்? கப்பு வேணும்னா கடையில வாங்கிக்க வேண்டியதுதானுங்க?"

ஈரோட்டு ஷட்டில் கோர்ட்டுகளில் இது புதிதல்ல. மாவட்டப் போட்டி ஆடாதவர்களுக்கான பிகினர்ஸ் பிரிவில் யார் ஜெயித்தாலும், அவர் பிகினரே இல்லை என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். அதற்கு எல்லோரும் காட்டும் அத்தாட்சி பேக்ஹேண்ட். பின்கோட்டில் முதுகைக் காட்டி நின்று எதிர்ப் பின்கோட்டுக்கு அடித்துவிட்டால் போதும், ஆள் மாட்டினார்.

அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவமானத்தில் மூடுகிறாள் என்று அவளுடைய ஜோடி கோகிலா நினைத்தாள். "வுடுங்க்கா, பாத்துக்கலாம்" என்று தோளைத் தட்டினாள்.

துண்டுக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடக்க முடியவில்லை. அவளுடைய நாற்பத்து மூன்றாவது வயதில், ஒருத்தி நாலு பேர் நடுவில் நின்று, இவள் இவ்வளவு நன்றாக ஆடுகிறாள், இதில் ஏதோ மோசடி இருக்கிறது என்கிறாள்.

வீட்டில் இந்த ஆட்டத்துக்கு 'இறகடிக்கப் போறது' என்று பெயர். அங்கே அவள் வைக்கும் குழம்பைக்கூட யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. உப்பு குறைந்தால் மட்டும் சொல்வார்கள்.

உண்மையில் அந்த பேக்ஹேண்ட் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. மொபைலில் வீடியோ பார்த்து, மாடியில் துணி காயப்போடும்போது வெறும் கையை வீசிப் பழகியதுதான். கோர்ட்டில் ஒருநாளும் வந்ததில்லை. இன்று வந்தது. திரும்பத் திரும்ப வந்தது.

கந்தவேல் சார் கையசைத்துக் கூப்பிட்டார்.

போனாள். நிலைகொள்ளவில்லை. பேட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே நின்றாள்.

"கம்ப்ளெய்ன்ட் வந்தா கேக்கோணும்ங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்கு முன்னால டிஸ்ட்ரிக்ட் ஏதாச்சும் ஆடிருக்கீங்களா?"

கேட்டுக்கொண்டே பைனலுக்கான ஷட்டில் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். எத்தனையோ போட்டி நடத்தியவர். ஆமாம் என்று சொன்ன ஆளை இதுவரை பார்த்ததில்லை. சொன்னால் ஜோடியோடு வெளியே போக வேண்டும், தோற்ற ஜோடி பைனல் ஆடும். எந்தக் கிறுக்கன் சொல்வான்?

அவள் வாயைத் திறப்பதற்குள் கோகிலா முந்திக்கொண்டாள்.

"டிஸ்ட்ரிக்ட்டா? நல்லாக் கேட்டீங்க போங்க. மூணு நாலு வருசமா இவங்களோட ஆடறனுங்க சார். மொத ரவுண்டத் தாண்டுனதே இல்லீங்க. சர்வீஸ் போட்டா வலையிலதான் வுழுகும். இந்த அக்காளப் போயி டிஸ்ட்ரிக்ட்டுங்கறீங்களே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கந்தவேல் சாரும் சிரித்தார்.

பச்சைச் சட்டைக்காரி அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"அப்படிங்களா? அப்பக் குருட்டாம்போக்குல வந்துருச்சாட்ட இருக்குது. சாரிங்க்கா."

குருட்டாம்போக்கு.

அவ்வளவுதான். இனி யாருக்கும் அவள்மேல் சந்தேகம் இல்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய் பைனல் ஆடலாம். ஜெயித்தாலும் ஜெயிக்கலாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டப்பாவைத் திருப்பித் தள்ளினாள்.

"ஆடிருக்கேனுங்க சார். டிஸ்ட்ரிக்ட். காலேஜ் படிக்கறப்ப."

சிரிப்பு நின்றது.

கோகிலா திரும்பி அவளைப் பார்த்தாள். பன்னிரண்டாவது முடித்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆன கதை கோகிலாவுக்கு மனப்பாடம். காலேஜ் வாசலை அவள் மிதித்ததே இல்லை.

கந்தவேல் சார் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். "என்னங்க நீங்க, மொதல்லயே சொல்லிருக்கலாமல்லங்க" என்றார். குரலில் கோபம் இருந்தது. கொஞ்சம் மரியாதையும் இருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

பச்சைச் சட்டை ஜோடி பைனலுக்கு இறங்கியது.

கோகிலா பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். கோகிலாவும்தான் இதுவரை ஒரு கப் வாங்கியதில்லை. டி.வி.க்குப் பக்கத்தில் கப் வைக்க இடம் ஒதுக்கிவிட்டு வந்திருப்பதாகக் காலையில் சொல்லிச் சிரித்தாள். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பக்கத்து பெஞ்சிலிருந்த ஒரு பெண் கோகிலாவிடம் குனிந்து கேட்டாள்.

"உங்க ஜோடி நெசமாலுமே டிஸ்ட்ரிக்ட் பிளேயருங்களா?"

துண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

கோகிலா நிமிரவில்லை. லேஸில் முடிச்சு விழுந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிரித்தாள்.

"ஆமாங்க" என்றாள். "பயங்கரமா ஆடுவாங்க."

பிறகு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போனாள். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இருவரும் வந்தது கோகிலாவின் வண்டியில்.

வாசலில் வண்டி கிளப்பும் சத்தம் கேட்டது.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் நகரவில்லை. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.